ஒரு சோறு பதம் போதாது



தொழிற்சாலைகளின் அளவு பார்க்கும் பிரிவில் ஒரு கருவி உண்டு. மனிதக் கையைப் போலத் தோள், முழங்கை, மணிக்கட்டு என மூட்டுகள் கொண்டது. அதன் நுனியில் சிறு உருண்டை இருக்கும். அந்த உருண்டையால் ஒரு பொருளைத் தொட்ட இடமெல்லாம் கணினியில் எண்களாகப் பதிவாகும். இதுவே அளவுக் கை. ஃபாரோ, ரோமர் என்ற பெயர்களில் வந்தவை புகழ் பெற்றவை.

புதிய கை வந்ததும் பழையது மலிவாக விலைக்கு வருகிறது. பெரும்பாலும் கருவி கெட்டிருக்காது. அதன் மென்பொருளோ, அளவுத்திருத்தக் கோப்போ தொலைந்திருக்கும். அதை வாங்கி, கடையில் கிடைக்காத பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடியை வீட்டுப் பட்டறையிலேயே அளந்து, கணினியில் வரைந்து, புதிதாகச் செய்துகொள்ள முடியுமா?

முடியும். ஒவ்வொரு மூட்டிலும் கோணத்தைக் காட்டும் என்கோடர் உள்ளது. சிறு மின்பலகை ஒன்றின் வழியே அதன் எண்ணைக் கணினி வாசித்துக்கொள்ளும். கோணங்களும் மூட்டுகளுக்கு இடைப்பட்ட நீளங்களும் தெரிந்தால் நுனி எங்கே இருக்கிறது என்று கணக்கிடலாம். டெனாவிட், ஹார்ட்டன்பர்க் இருவரும் 1955இல் வகுத்த முறை இதற்கு உதவும்.

கணக்கு எளிது, அதில் இடும் எண்கள் சரியாக இருப்பதுதான் அரிது. 1 மீட்டர் நீளக் கையின் அடி மூட்டில் 0.01 டிகிரி பிசகினால், நுனி 0.17 மில்லிமீட்டர் விலகிவிடும்.

எனவே சோதனை தேவை. நுனி உருண்டையை ஒரு கூம்புக் குழியில் வைத்து, கையைப் பல பக்கமும் வளைக்க வேண்டும். கணினி ஒரே இடத்தையே காட்ட வேண்டும். எவ்வளவு அலைகிறதோ அவ்வளவு பிழை.

இத்துடன் நிறுத்திவிடுவதில்தான் ஆபத்து. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அளவுக் கைக்கு அது பொருந்தாது. எல்லா நீளங்களையும் நூற்றுக்கு ஒன்று கூடுதலாகக் கணக்கிட்டிருந்தாலும் குழிச் சோதனையில் கை தேறிவிடும். ஆனால் 100 மில்லிமீட்டர் மூடி 101 ஆகிவிடும். திருகுத் துளைகள் பொருந்தா. செலவிட்ட பணமும் உழைப்பும் வீண். ஆகவே நீளம் தெரிந்த அளவுக் கட்டை ஒன்றைப் பல இடங்களில், பல திசைகளில் வைத்து அளந்து பார்ப்பது கட்டாயம்.

வெப்பத்தையும் மறக்கலாகாது. 300 மில்லிமீட்டர் அலுமினியம் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் நீளும். வெயில் படும் இடம் அளவெடுக்க ஏற்றதல்ல.

0.2 மில்லிமீட்டர் பிழை மூடியின் வெளி வடிவத்துக்குப் பரவாயில்லை. பேரிங் அமரும் துளைக்கு ஆகாது. அங்கே மைக்ரோமீட்டரே துணை. திரையில் எத்தனை தசம இலக்கங்கள் தெரிந்தாலும், சோதித்துக் கண்ட அளவுக்கே கருவியை நம்ப வேண்டும்.