வாசற்படியும் கொடிக்கம்பமும்

  

யூத இளைஞர் இயக்கம் இந்தியாவுக்கு எப்படி வந்தது? இதில் நானும் என் துறை நண்பர்களும் ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டுவது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர்கள் ஒப்பிக்கும் வரிசை இது: 1912இல் ஜெர்மனியில் பிளௌ-வைஸ், 1923இல் ரீகாவில் பெத்தார், 1929இல் லண்டனில் ஹபோனிம். சாரணர் பாணியில் சீருடை, முகாம், பாட்டு. அது கப்பலேறி மும்பைக்கு வந்தது. கதை முடிந்தது.

ஆண்டுகளில் பிழையில்லை. கொடிக்கம்பம் நட்ட நாளை இயக்கம் பிறந்த நாளாக எழுதுவதுதான் பிழை. முகாமுக்கு ஆள் சேருமுன் மனதில் ஒரு சூடு வேண்டாமா?

கொச்சிக்கு வாருங்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலடியில் சீனத்து நீலப் பூ ஓடுகள். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு ஒரு காலத்தில் அங்கே இருக்கை கிடையாது. தரையிலோ வாசற்படியிலோ உட்காரவேண்டியிருந்தது. வேதம் ஒன்று, பந்தி வேறு. நமக்கு இதை விளக்கவா வேண்டும்?

அந்த வழியில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பாராக் சேலம். நம் சேலத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. சென்னையில் படித்து வக்கீலானார். பட்டம் வந்தது, உட்கார இடம் வரவில்லை. ஜெபாலயத்தைப் புறக்கணித்தார், உள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். 1924இல் ஈரோட்டுப் பெரியாரை வைக்கத்துக்கு இழுத்ததும் இதே காலத்துக் காற்றுதான். 1929 லாகூர் காங்கிரசுக்கும் சேலம் போனார். 'யூத காந்தி' என்றே பெயர் விழுந்தது. 1930களின் நடுவில் தடைகள் பல தளர்ந்துவிட்டன.

"அவருக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது, இது எப்படி இளைஞர் இயக்கம்?" என்பார்கள் நண்பர்கள். விதைத்தவன் வயதைக் கேட்டா வெள்ளாமையை அளக்கிறோம்? 1933இல் பாலஸ்தீனம் போய்வந்த அவர், யூதத் தாயகத்தை ஆதரித்த பிரிட்டிஷ் அமைச்சர் பால்ஃபரின் பெயரையே ஒரு மகனுக்கு வைத்தவர். படியில் உட்கார மாட்டேன் என்ற அந்த வீட்டுப் பேச்சில்தான் அடுத்த தலைமுறை வளர்ந்தது.

மணியடிக்கிறார்கள், சுருக்குகிறேன். 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய் நெவாதிம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் மண்ணைக் கொத்தினார்கள். சேலம் அவர்களுக்காக வாதாடிவிட்டுக் கொச்சியிலேயே 1967இல் காலமானார்.

மும்பை ஹபோனிம் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. அங்கு வளர்ந்த பெனே இஸ்ரேல் யூத முதியவர்களின் நினைவுகளை யாராவது பதிவு செய்யவேண்டும். கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாட்டுகளைத் தனியாக ஆராயலாம். கொங்கு நாட்டுக் கோயில் நுழைவோடு ஒப்பிட்டால் முனைவர் பட்டமே வாங்கலாம்.

மாணவர்களுக்கு ஒன்று. கொங்கு நாட்டிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி தொலைவில்லை. போய்ப் பாருங்கள். அன்று இருக்கை தராத அந்த ஜெபாலயம் இருக்கும் யூதர் பேட்டையில் இன்று ஒரு சாலைக்கு ஏ.பி. சேலம் சாலை என்று பெயர்.