தேவாலயத்தில் ஒலித்த ஜாஸ்



அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசை, நடனசாலைகளிலும் இரவு விடுதிகளிலும் வளர்ந்தது. அதனைத் தேவாலயப் பாடகர் குழுவின் கூட்டிசையோடு இணைக்கத் துணிந்தவர்களுள் ஒருவர் டியூக் எலிங்டன். 1899இல் வாஷிங்டனிற் பிறந்த இவர், 1965 செப்டெம்பர் 16ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கிரேஸ் பேராலயத்தில் தமது முதலாவது திருவிசைக் கச்சேரியை நிகழ்த்தினார்.

ஆங்கில விவிலியத்தின் தொடக்கச் சொற்கள் நான்கிலும் ஆறு அசைகள் உள. அசைக்கு ஒன்றாக ஆறு சுரங்களை அமைத்தார் எலிங்டன். அச்சிறு வித்திலிருந்தே பாடகர் குழுவின் குரலும் சாக்ஸபோன் முழக்கமும் கிளைத்தன. தாவீது அரசன் இறைவன்முன் ஆடியதைக் காட்டும் பகுதியில், பனி பிரிக்ஸ் என்னும் கலைஞர் பாதங்களால் தாளமிட்டு ஆடினார்.

எதிர்ப்பும் எழாமலில்லை. 1966இல் வாஷிங்டன் பப்ரிஸ்து சபைப் போதகர் சங்கம் அவர் கச்சேரியை ஆதரிக்க மறுத்தது. எலிங்டனோ பின்வாங்கவில்லை. 1968இல் நியூயோர்க்கிலும், 1973இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலும் மேலும் இரு புதிய திருவிசைக் கச்சேரிகளை அளித்து, அடுத்த ஆண்டு மறைந்தார்.

வாழ்நாளெல்லாம் பயின்ற கலையை ஆலய வாசலிற் களைந்துவிட்டு அவர் உள்ளே செல்லவில்லை. அதனையே காணிக்கையாக ஏந்திச் சென்றார். மனிதன் இறைவனுக்கு அளிக்கத்தக்கது, அவன் நன்கு கற்ற தொழிலன்றி வேறு யாது?