அம்மை இறங்கிய பின்னும் கவனம் தேவை

(தோட்ட மக்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



தட்டம்மை கண்ட குழந்தையின் உடலில் செந்தடிப்புகள் மறையத் தொடங்கியதும், "அம்மை இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை" என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மறுநாள் பால்மரம் வெட்டப் புறப்பட்டுவிடுகிறோம். ஆனால், இந்நோய் மூளையையும் நரம்புகளையும் தாக்குவது பெரும்பாலும் தடிப்புக் கண்ட பிறகு வரும் அந்த ஓரிரு வாரங்களில்தான்.

தட்டம்மை கண்ட 1000 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மூளையில் அழற்சி உண்டாகிறது. தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறும். தலைவலி, வாந்தி, வலிப்பு தோன்றும். எழுப்பினாலும் எழாமல் பிள்ளை மயங்கிக் கிடக்கும். இதில் சிலர் இறந்துவிடுகின்றனர். பிழைத்தவர்களுள் சிலருக்குக் காது கேளாமையோ அறிவுக் குறைபாடோ நிலைத்துவிடுகின்றது.

கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பும் அரிதாக இவ்வாறே வீக்கமடையலாம். தட்டம்மையின்போது கண் சிவந்து நீர் வடிவது வழக்கம், இது அதுவன்று. இந்நரம்பு பாதிக்கப்பட்டால் கண் வெளிப்பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். ஆனால், குழந்தை சோற்றுத் தட்டைத் தடவித் தேடும், நடக்கையில் முட்டிக்கொள்ளும். உடனே சிகிச்சை பெற்றால் பார்வை திரும்பக்கூடும்.

மற்றொரு கேடு மிக அரிது. ஆயினும் மிகக் கொடியது. அம்மை கண்டு 7 முதல் 10 ஆண்டுகள் சென்றபின், நன்றாகப் படித்த பிள்ளை மறதிக்கு ஆளாகும், கைகால்கள் திடீரெனத் துள்ளும், பார்வையும் மங்கலாம். இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இரண்டு வயதுக்குள் தட்டம்மை கண்டவர்களுக்கே இந்த அபாயம் அதிகம்.

ஆகவே, வருமுன் காப்பதே வழி. நம் நாட்டில் 1982ஆம் ஆண்டு முதல் தட்டம்மைத் தடுப்பூசி போடப்படுகின்றது. இப்பொழுது 9ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும் அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் இதனைப் போடுகின்றனர். இரண்டு ஊசிகளையும் தவறவிடாதீர்கள்.

வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனை வேண்டுங்கள், குற்றமில்லை. ஆனால், வலிப்போ, மயக்கமோ, பார்வைக் குறைவோ கண்டால், தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அண்மையில் அம்மை கண்டதை மருத்துவரிடம் மறவாது கூறுங்கள். இழந்த ஒரு நாள் சம்பளத்தை மறுநாள் ஈட்டிக்கொள்ளலாம். பிள்ளையின் பார்வையை அவ்வாறு ஈட்ட இயலாது.