ஜெனீவா மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி

(வில்கமுவவில் தோட்டக் குடும்பங்களுக்காக நடத்தப்பட்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"சர்வதேச ஸ்தாபனம்" என்று சொன்னதும் நம்மில் பலர், "அதெல்லாம் பெரிய ஆளுங்க சமாச்சாரம், நமக்கு என்னாத்துக்கு?" என்று இருந்து விடுகிறோம். ஆனால், அப்படியான ஒரு ஸ்தாபனத்தில் தொழிலாளியின் பிரதிநிதிக்கென்றே ஓர் ஆசனம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

உலக ஸ்தாபனங்கள் எல்லாம் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் 193 நாடுகள். பெரிய நாடோ, சிறிய நாடோ, ஆளுக்கு ஒரு வாக்கு. பாதுகாப்புச் சபையில் அப்படியில்லை. ஐந்து வல்லரசுகளில் ஒன்று "முடியாது" என்றால் தீர்மானம் அங்கேயே நின்றுவிடும். உலக வங்கியில் கூடுதல் பங்கு வைத்திருக்கிற நாட்டுக்குக் கூடுதல் வாக்கு. இந்த மூன்றிலும் வாக்களிப்பது அரசாங்கங்கள்தான்.

சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம், அதாவது ஐ.எல்.ஓ., வேறு விதம். முதலாம் உலக யுத்தம் முடிந்த பின் 1919இல் அதை ஆரம்பித்தார்கள். வருடாந்த மாநாடு வழக்கமாக ஜூன் மாதத்தில் ஜெனீவா நகரில் கூடும். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வாக்குரிமையுள்ள நாலு பேர் போவார்கள். அரசாங்கத்துக்கு இரண்டு பேர், முதலாளிமாருக்கு ஒருவர், தொழிலாளருக்கு ஒருவர். தொழிலாளர் பிரதிநிதி அரசாங்கம் தூக்கச் சொன்ன பக்கம் கை தூக்க வேண்டியதில்லை; அவருடைய வாக்கு அவருடையது. மாநாடு இல்லாத காலத்தில் காரியங்களைப் பார்ப்பது 56 பேர் கொண்ட நிர்வாக சபை: அரசாங்கங்கள் 28, முதலாளிமார் 14, தொழிலாளர் 14. அன்றாட வேலைக்கு ஒரு தலைமை ஆபீஸ். அதன் பணிப்பாளர் நாயகத்தை இந்த நிர்வாக சபைதான் தெரிவு செய்கிறது.

இலங்கை இதில் சேர்ந்தது 1948இல். அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, லட்சக்கணக்கான தோட்ட மக்கள் நாடற்றவர்களானார்கள். நாட்டுக்கு ஜெனீவாவில் ஆசனம் கிடைத்த வருடத்திலே, நம் தாத்தா பாட்டிமாருக்குச் சொந்த நாடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனது. மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வழி பிறந்தது. அந்த நீண்ட காலத்தில் தேர்தல் வாக்கு இல்லாதவர்களும் தொழிற்சங்கத்தில் அங்கத்தவராக இருந்தார்கள். சங்கம் ஒன்றுதான் அவர்களுக்குத் திறந்திருந்த கதவு. அதை நாம் மறக்கக் கூடாது.

ஐ.எல்.ஓ. மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைத்தால் ஒரு சமவாயம் நிறைவேறும். 1958இல் பெருந்தோட்டத் தொழிலாளருக்கென்றே 110ஆம் இலக்கச் சமவாயம் நிறைவேறியது. சம்பளம், வாராந்த ஓய்வு, பிரசவப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை, வீடு, வைத்தியம் எல்லாம் அதில் இருக்கின்றன. இலங்கை 1995இல் அதை ஏற்று ஒப்புதல் கொடுத்தது. ஒப்புதல் கொடுக்கிற நாடு சில பகுதிகளை விட்டுவைக்கவும் இடமுண்டு. ஆகவே "கையெழுத்துப் போட்டாச்சு, எல்லாம் கிடைச்சிரும்" என்று சும்மா இருக்க முடியாது.

ஜெனீவாவில் பொலிஸ் இல்லை. அபராதம் போட்டு வசூலிக்கவும் மாட்டார்கள். அப்படியானால் என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். ஒப்புதல் கொடுத்த அரசாங்கம் குறித்த காலத்துக்கொருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். அதன் பிரதியை நாட்டிலுள்ள முக்கிய தொழிற்சங்கங்களுக்கும் கொடுக்க வேண்டும். "இதில் சொன்னது சரியில்லை" என்று சங்கம் எழுதலாம். சட்ட நிபுணர் குழு இரண்டையும் பார்த்து, அரசாங்கத்திடம் கேள்வி கேட்டு, அதை அச்சிட்டு வெளியிடும். உலகமே பார்க்க அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும். இதுதான் அதன் பலம். ஆனால் தனி ஆள் முறைப்பாடு எழுதினால் இந்த வழியில் போகாது. சங்கத்தின் மூலமாகத்தான் போக வேண்டும்.

இந்த முத்தரப்பு முறை நம்ம நாட்டிலும் இருக்கிறது. சம்பளச் சபை அப்படித்தான்: தொழில் ஆணையாளர் தலைமையில் முதலாளிமாரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள். 2021 மார்ச்சில், கம்பனிகள் எதிர்த்தும், நாட்சம்பளம் 1,000 ரூபா என்பது அந்தச் சபையின் மூலமாகத்தான் வர்த்தமானியில் வந்தது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? மாதாமாதம் சந்தா கொடுக்கிறோம். தோட்டத் தலைவரிடம் கேளுங்கள்: "110ஆம் சமவாயம் பற்றி நம்ம சங்கம் ஏதாவது எழுதியிருக்கா?" தெரியாது என்றால், மாவட்டக் காரியாலயத்தில் கேட்டுவரச் சொல்லுங்கள். லயத்துக் கூரை ஒழுகினால், பிரசவச் சகாயம் கிடைக்காமல் போனால், திகதியையும் விபரத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள். ஜெனீவாவுக்குப் போகிற கடிதத்துக்கும் அப்படிப்பட்ட விபரம்தான் உயிர்.

தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் நீங்கள். சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பது பெரும்பாலும் ஆண்கள். உங்கள் குறையை நீங்களே எழுந்து சொன்னால்தான் அது கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் போய்ச்சேரும். அடுத்த கூட்டத்தில் முன்னால் வந்து உட்காருங்கள்.