காப்பும் மீட்பும்



ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலர், பெற்றோரின் படங்களையும் குரலையும் இன்று கணினியில்தான் சேமித்து வைத்திருக்கிறோம். அவற்றுக்குப் பேக்கப் எடுத்ததோடு கடமை முடிந்ததென்றும் எண்ணிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு, காலஞ்சென்ற தந்தையாரின் ஒலிப்பதிவு ஒன்றைத் தவறுதலாக அழித்துவிட்டோம். ஆயினும் ரெஸ்டிக் என்னும் மென்பொருள், டாக்கர் கன்டெய்னர் ஒன்றிலிருந்து இரவுதோறும் பேக்கப் எடுத்து வந்தது. கன்டெய்னர் என்பது ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய துணைகளோடு குடியிருக்கும் தனி அறை எனலாம். வெளியிலுள்ள கோப்புறைகளில் நாம் திறந்துவிட்டவை மட்டுமே அதற்குப் புலப்படும்.

அவ்வறையினுள் சென்று, 'ஸ்னாப்ஷாட்ஸ்' என்னும் கட்டளை இட்டோம். நாள்வாரியாகப் பட்டியல் வந்தது. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் கோப்புகள் அந்நேரத்தில் இருந்த நிலையின் பதிவாகும். 'ஃபைண்ட்' என்னும் கட்டளை, தேடிய கோப்பு எந்தெந்த ஸ்னாப்ஷாட்டில் உள்ளதெனக் காட்டியது. 'மவுண்ட்' என்னும் வழியில் அனைத்தையும் கோப்புறைகள் போலவே திறந்து பார்க்கலாம்; ஆனால் அதற்கு ஃபியூஸ் சாதனத்தையும் சிறப்பு அதிகாரத்தையும் கன்டெய்னருக்கு அளித்தல் வேண்டும். ஒரு கோப்புக்காக அவ்வளவு உரிமை தருவது உசிதமன்று.

பின்னர் 'ரெஸ்டோர்' இட்டோம். மீட்பு முடிந்ததென்று செய்தி வந்தது. வெளியே வந்து தேடினால் கோப்பைக் காணோம்! கன்டெய்னருக்கே உரிய கோப்புறை ஒன்றில் அதை இறக்கியிருந்தோம். கன்டெய்னரை நீக்கினால் அதுவும் உடன் மறைந்துவிடும். வெளியோடு இணைந்த, எழுதுவதற்கு அனுமதியுள்ள கோப்புறையைக் குறித்து மீண்டும் மீட்ட பிறகே ஒலிப்பதிவு நம் கைக்கு வந்தது.

இதனால் நாம் கற்றவை மூன்று. முதலாவது, மீட்பதை எப்போதும் தனியான வெற்றுக் கோப்புறையில் இறக்குக. பழைய இடத்திலேயே இறக்கினால், பின்னர் திருத்திய கோப்பின்மேல் பழையது எழுதப்பட்டுவிடக்கூடும். இரண்டாவது, கடவுச்சொல்லைக் காகிதத்திலும் எழுதிப் பத்திரப்படுத்துக. ரெஸ்டிக்கின் சேமிப்பு மறையாக்கம் செய்யப்பட்டது, கடவுச்சொல் தொலைந்தால் மீட்க வழியே இல்லை. மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள்.

அன்று மாலை அந்தக் குரலை வீட்டார் அனைவரும் அமர்ந்து கேட்டோம். நமக்கு அன்று கிட்டியது நற்பேறு. நற்பேற்றை நம்பியிராமல், இழப்பு நேருமுன்பே ஒருமுறை மீட்டுப் பார்ப்பதே விவேகம்.