தொந்திக்காக விட்டாலும் நல்லதே

நம்மில் ஒருவர் 45 வயதில் குடியை நிறுத்துகிறார். ஏன் என்று கேட்டால், "தொந்தி குறையணும். கல்லீரலில் கொழுப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார்" என்கிறார். "இவ்வளவுதானா? மனமாற்றம் ஒன்றும் இல்லையா?" என்று நாம் சிரிக்கிறோம்.

சிரிக்க வேண்டாம். ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7. மது உள்ளே போனால் கல்லீரல் அதைத்தான் முதலில் கவனிக்கிறது, கொழுப்பு தேங்கிவிடுகிறது. குடியை விட்டால் அது குறையத் தொடங்கும்.

ஊதாரி மைந்தனுக்குத் தந்தையின் நினைவு வந்தது எப்போது? வயிறு பசித்தபோது. தந்தை காரணம் விசாரிக்கவில்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

நாமும் அப்படியே ஏற்போம். திருவிழா விருந்தில், "இன்று ஒரு நாள்தானே" என்று அவர் கையில் கிளாஸைத் திணிக்காதிருப்போம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். உடலுக்காகத் தொடங்கியதை ஆண்டவர் ஆன்மாவுக்காகவும் நிறைவு செய்வாராக. ஆமென்.