வாரிக் நகரமும் அதன் ஏர்ல் பட்டமும்



இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஏவன் ஆற்றங்கரையில் அமைந்தது வாரிக் நகரம். அரசர்களை ஆக்கியவர் எனப் பெயர்பெற்ற ரிச்சர்டு நெவிலின் ஊர் என்றே பலரும் அதனை அறிவர். ஆயினும், ஆவணங்களைக் கால வரிசையில் வைத்து நோக்கின், ஊரின் தோற்றத்திலும் பட்டத்தின் தொடர்ச்சியிலும் பெண்கள் பெற்றிருந்த இடம் புலனாகும்.

914ஆம் ஆண்டில் வாரிக்கில் அரண் எழுப்பியவர், மெர்சியாவை ஆண்ட எதெல்ஃபிளெட் என்னும் பெண். ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேட்டின் சில படிகளே இச்செய்தியைத் தருகின்றன. வெசெக்ஸ் அரசர்களை முன்னிறுத்தும் மிகப் பழைய படியில் இஃது இல்லை. அப்படி ஒன்றையே நம்பியிருப்பின், அரணை எழுப்பியவரை அறியாமலே போயிருப்போம்.

1068இல் முதலாம் வில்லியம் அங்கே கோட்டை அமைத்தார். 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏடு, நகரில் அரசருக்கு 113 வீடுகளும் பிரபுக்களுக்கு 112 வீடுகளும் இருந்தன எனக் கணக்குத் தருகிறது. கோட்டைக்காக 4 வீடுகள் அழிந்ததையும் குறிக்கிறது.

1088இல் ஹென்றி டி போமான்ட் வாரிக்கின் முதல் ஏர்ல் ஆனார். 1242இல் அவர் மரபில் ஆண் வாரிசு இல்லாமற் போகவே, உரிமை மார்கரெட் என்னும் பெண்ணை அடைந்தது. 1268இல் இசபெல் என்னும் தாயின் வழியாகப் பீச்சம் குடும்பம் பட்டம் பெற்றது. 1449இல் ஆன் பீச்சம் உரிமை பெற்றார். அவ்வுரிமையாலேயே அவர் கணவர் நெவில் ஏர்ல் ஆனார்.

1471இல் பார்னெட் போரில் நெவில் மடிந்தார். பியூலி மடத்தில் அடைக்கலம் புகுந்த ஆன், எழுத்தர் கிடையாமையால் தம் கையாலேயே முறையீடுகள் எழுதினார். பயன் விளையவில்லை. 1474ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம், அவர் இயற்கையாக இறந்துவிட்டவர் போலக் கருதி, அவருடைய சொத்துகளை அரசரின் தம்பியரான மருமகன்மார் இருவருக்கும் பகிர்ந்தளித்தது. உயிரோடிருந்தவரைச் சட்டம் இறந்தவராக்கியது! 1487இல் சொத்துகள் அவர் பெயருக்கு மீண்டன. ஆனால் ஏழாம் ஹென்றிக்கு அவற்றை எழுதிக்கொடுக்கும்பொருட்டே மீண்டன. 1492இல் அவர் காலமானார். அவருடைய பேரர் எட்வர்டு 1499இல் தலை வெட்டுண்டு மாண்டார்.

பின்னர்ப் பட்டம் ஒருபுறமும் ஊர் ஒருபுறமுமாகப் பிரிந்தன. 1604இல் கோட்டை ஃபுல்க் கிரெவிலுக்கும், 1618இல் ஏர்ல் பட்டம் ரிச் குடும்பத்துக்கும் சென்றன. 1759இல்தான் கிரெவில் மரபினர் பட்டத்தையும் பெற்றனர்.

ஏர்ல்களின் பெயர்ப்பட்டியல் மட்டும் இவ்வரலாற்றைச் சொல்லாது. வரலாற்றேட்டின் படிகளை ஒப்பிட்டும், சட்டத்தோடு முறையீட்டைச் சேர்த்தும் படிக்கும்பொழுதே, எதெல்ஃபிளெட்டும் ஆன் பீச்சமும் நமக்குத் தெரிகின்றனர். ஆய்வு மாணவர்கள் ஆவணம் கூறுவதோடு, அது யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் கேட்டுப் படித்தல் வேண்டும் என்று கூறி அமைகிறேன்.